அந்தப் படத்தை எடுத்தவர் ஹாரி பர்ட்டன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீஸா பிரமிடுகளுக்குப் பக்கத்தில் 2025 நவம்பரில் திறக்கப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்தது. பழங்கால எகிப்தின் இளம் மன்னன் துட்டன்காமனின் கல்லறைப் பொருள்கள் முதல் தடவையாக ஒரே இடத்தில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன என்ற செய்திக்கு இவ்வளவு இடம் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் படித்து முடித்தபோது மனசு ஆறவில்லை. கட்டுரையில் பாதிக்கு மேல், கல்லறையைத் திறந்தவர்களை மம்மியின் சாபம் கொன்றது என்ற கதை. மிச்சத்தில் தங்க முகமூடியின் எடை. அந்தக் கல்லறையை எப்படித் தோண்டினார்கள், யார் தோண்டினார்கள், தோண்டியதால் என்ன தெரிந்தது என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை.

நடுவில் ஒரு பெரிய படம். தங்கச் சவப்பெட்டியின் மேல், அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த ஹாவர்ட் கார்ட்டர் குனிந்து வேலை செய்கிறார். அதன் கீழே 'நன்றி: இணையம்' என்று போட்டிருந்தீர்கள். நான் ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத மற்றதும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாபத்தை முடித்துவிடுகிறேன். அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரல் 5 அன்று கெய்ரோவில் இறந்தது உண்மை. கொசு கடித்த இடத்தில் சவரக்கத்தி பட்டு, புண் சீழ் பிடித்து, விஷம் இரத்தத்தில் ஏறி, கடைசியில் நிமோனியா வந்தது. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு கார் விபத்திலிருந்தே அவருக்கு உடம்பு சரியில்லை. குளிர்காலத்தில் எகிப்துக்கு வரத் தொடங்கியதே அதனால்தான். அவரோடு முதன்முதலில் உள்ளே நுழைந்த மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். பத்து வருடம் அந்தக் கல்லறையே கதி என்று கிடந்த கார்ட்டர் 1939இல்தான் இறந்தார். மம்மியைப் பிரித்து ஆராய்ந்த டாக்டர் டக்ளஸ் டெர்ரி எண்பது வயதைத் தாண்டினார். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2002இல் ஒரு ஆய்வு வந்தது. அந்தக் காலத்தில் எகிப்தில் இருந்த 44 மேல்நாட்டவர்களை எடுத்துக்கொண்டு, கல்லறையோடு தொடர்புபட்ட 25 பேரையும் மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். கல்லறைக்குள் போனதால் ஆயுள் குறைந்தது என்று சொல்ல அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்படியானால் சாபம் எங்கிருந்து வந்தது? பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு இது முக்கியமான கதை. 1923 ஜனவரியில் கார்னார்வன் லண்டனின் 'தி டைம்ஸ்' பத்திரிகையோடு ஒரு ஒப்பந்தம் போட்டார். 5,000 பவுண்டுக்குக் கல்லறைச் செய்தி முழுவதும் அந்தப் பத்திரிகைக்கே. எகிப்து அதற்கு முந்தைய வருடம்தான் சுதந்திர நாடாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த நாட்டுப் பத்திரிகைகள், தங்கள் மண்ணில் தங்கள் அரசனின் கல்லறையில் நடப்பதை லண்டன் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வந்தது. மற்ற நாட்டு நிருபர்கள் வாசலுக்கு வெளியே வெயிலில் காத்துக் கிடந்தார்கள். உள்ளே நடப்பது எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கார்னார்வன் இறந்ததும் எழுத ஒரு விஷயம் கிடைத்தது, எழுதித் தள்ளினார்கள். நுழைவாயிலில் சாபக் கல்வெட்டு இருந்தது என்று உங்கள் கட்டுரையும் சொல்கிறது. கார்ட்டர் குழு பதிவு செய்ததில் அப்படி ஒரு கல்வெட்டே கிடையாது. நூறு வருடத்துக்கு முன்பு செய்தி மறுக்கப்பட்ட நிருபர்கள் இட்டு நிரப்பியதை நாம் இன்னும் சுமக்க வேண்டுமா?

சரி, படத்துக்கு வருகிறேன்.

அந்தப் படத்தை எடுத்தவர் ஹாரி பர்ட்டன். ஆங்கிலேயர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் எகிப்தில் நடத்திய அகழாய்வுக் குழுவின் புகைப்படக்காரர். கார்ட்டர் கேட்டதும் அந்த அருங்காட்சியகம் அவரை இந்த வேலைக்கு விட்டுக்கொடுத்தது. 1922 டிசம்பரில் தொடங்கி, வேலை முடியும்வரை பெரிய கண்ணாடி நெகட்டிவ்களில் 3,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளை. நீங்கள் போட்டிருப்பது பின்னாளில் கணினியில் வண்ணம் ஏற்றியது. அதையும் வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பாவிடம் தொழில் பழகிய காலத்தில் கண்ணாடி நெகட்டிவைக் கையாண்டவன் நான். கைதவறினால் போனது போனதுதான், இன்னொன்று கிடையாது. அந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, தூசியும் சூடும் நிறைந்த ஒரு நிலத்தடி அறையில், காலை வைத்தால் எதன் மேலாவது மிதித்துவிடுவோம் என்ற நெருக்கத்தில் பர்ட்டன் வேலை செய்திருக்கிறார். தங்கத்தகடு போர்த்திய பொருளைப் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று விளக்கு பிடித்தவர்களுக்குத் தெரியும். ஒரு இடம் கண்ணைப் பறிக்கும், பக்கத்திலேயே கருப்பாக விழும். பர்ட்டன் எக்ஸ்போஷர் நடக்கும்போதே விளக்கை அசைத்துக்கொண்டே இருந்து ஒளியைச் சமமாகப் பரப்பினார். அவருடைய படங்களில் நிழல் எதையும் மறைக்காது. அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. அந்தப் படங்கள்தான் சாட்சி என்பது அவருக்குத் தெரியும்.

முறை இதுதான். எந்தப் பொருளையும் நகர்த்துவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் எண் எழுதிய ஒரு சிறு அட்டையை வைப்பார்கள். 1 முதல் 620 வரை அந்த எண்கள் போயின. ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் எழுத்து போட்டுப் பிரித்து, மொத்தம் 5,398 பொருள்கள் என்று கணக்கு வந்தது. அட்டை வைத்ததும் பர்ட்டன் படம் எடுப்பார். கண்ணாடி நெகட்டிவை எடுத்துக்கொண்டு, எதிரிலேயே இருந்த 55-ஆம் எண் கல்லறைக்குப் போவார். அதுதான் அவருடைய டார்க் ரூம். கழுவிப் பார்த்து நெகட்டிவ் சரியாக வந்திருக்கிறது என்று உறுதியான பிறகுதான் பொருளில் கை வைப்பார்கள். அப்புறம் வரைபடம், அளவு, குறிப்பு அட்டை, வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூகாஸின் கைப்பக்குவம். மணிகள் கோத்த ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நூல் இற்றுப்போயிருந்ததால் தொட்டால் மணிகள் உதிரும் நிலை. மெழுகை உருக்கி ஊற்றி இறுக வைத்து, அப்படியே ஒட்டுமொத்தமாகத் தூக்கினார்கள். வண்ணம் தீட்டிய ஒரு மரப்பெட்டியை, அதாவது எண் 21-ஐ, காலி செய்வதற்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று. உள்ளே கசங்கிக் கிடந்த துணிகளை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டியிருந்தது. பத்து வருடம் ஏன் ஆயிற்று என்பதற்கு இந்த ஒரு பெட்டி போதும்.

இவ்வளவு பொறுமை எதற்கு? பொருள் எங்கே, எதன் மேல், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு துணியில் முடிந்த தங்க மோதிரங்கள் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. அரசனின் பொருளை யாரும் அப்படி அள்ளி முடிச்சுப் போட்டு வைக்க மாட்டார்கள். பழங்காலத்திலேயே உள்ளே புகுந்த திருடர்கள் முடிந்து வைத்தது அது. மாட்டிக்கொண்டார்களோ, பயந்து ஓடினார்களோ, முடிச்சு அங்கேயே நின்றுவிட்டது. காவலர்கள் அதை எடுத்துக் கண்ட பெட்டியில் போட்டு, வாசலைத் திரும்ப மூடி முத்திரை வைத்திருக்கிறார்கள். வாசனைத் தைல ஜாடிகளுக்குள் திருடர்கள் வழித்தெடுத்த விரல் தடம் இருந்தது. தங்கத்தை விடத் தைலத்தை எளிதாக விற்க முடியும் என்று அந்த விரல்கள் நமக்குச் சொல்கின்றன. சவப்பெட்டிகளின் மேல் பூமாலைகள் இருந்தன: ஆலிவ் இலை, அல்லி இதழ், நீலச் சோளப்பூ. தாவரவியல் அறிந்த பெர்சி நியூபெர்ரி அவற்றை ஆராய்ந்தார். அந்தப் பூக்களும் பழங்களும் பருவத்தில் கிடைக்கும் காலத்தை வைத்து, அடக்கம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடிவுக்குள் நடந்திருக்கும் என்று கணித்தார்கள். 3,300 வருடத்துக்கு முன்பு செத்த ஒரு பையனை எந்த மாதத்தில் புதைத்தார்கள் என்று வாடிய பூவை வைத்துச் சொல்கிறார்கள் ஐயா! உங்கள் பக்கத்தில் இதற்கு இடம் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

பதிவு செய்யாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் எகிப்திலேயே சான்று இருக்கிறது. 1881 ஜூலையில், நைல் நதிக்கரை ஊரான லக்ஸருக்கு எதிர்க்கரையில், மலைக்குள் ஆழமான ஒரு குழியின் அடியில், ஐம்பதுக்கும் மேற்பட்ட மம்மிகள் குவித்து வைக்கப்பட்டிருந்தது அதிகாரிகளுக்குத் தெரிய வந்தது. இரண்டாம் ராம்சேஸ் உட்படப் பெரிய பெரிய அரசர்கள். திருட்டுக்குப் பயந்து பழங்காலக் குருமார்கள் அவர்களை அங்கே மறைத்து வைத்திருந்தார்கள். கெய்ரோ அருங்காட்சியகத்திலிருந்து வந்தவர் எமில் புரூக்ஷ். கொள்ளை போய்விடும் என்ற பயத்தில் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து இரண்டே நாளில் எல்லாவற்றையும் வெளியே ஏற்றிவிட்டார். வரைபடம் இல்லை, எது எங்கே கிடந்தது என்ற குறிப்பு இல்லை. புரூக்ஷ் ஒரு புகைப்படக்காரர். இருந்தும் உள்ளே ஒரு படம்கூட எடுக்கவில்லை. அவருடைய பயம் நியாயமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் குழிக்குள் எந்தச் சவப்பெட்டி எந்த வரிசையில் இருந்தது என்று இன்றும் அறிஞர்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். (அங்கே கிடைத்த இரண்டாம் ராம்சேஸின் மம்மியை 1976இல் பாரிசுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தபோது மூக்குக்குள் மிளகு இருந்தது. மிளகின் பூர்வீகம் தென்னிந்தியாவின் மேற்கு மலைகள். இதைப் பற்றி யாராவது உங்கள் பத்திரிகையில் விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.)

இதே புரூக்ஷ் இன்னொரு இடத்திலும் வருகிறார். 1901இல் எகிப்தின் அபிடோஸில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரியின் ஆட்கள், சுமார் 5,000 வருடம் பழமையான ஜெர் என்ற அரசனின் கல்லறையில், சுவர் இடுக்கில் செருகியிருந்த ஒரு கையைக் கண்டுபிடித்தார்கள். கை மட்டும்தான். துணி சுற்றியபடி, தங்கமும் நீல நிறக் கற்களும் கோத்த நான்கு வளையல்களோடு இருந்தது. அந்தத் தொழிலாளர்கள் நினைத்திருந்தால் வளையலை மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். அப்படியே கொண்டுவந்து பீட்ரியிடம் கொடுத்தார்கள். கண்டெடுத்த பொருளுக்கு உரிய விலையை ஆட்களுக்குக் கொடுத்துவிடுவது பீட்ரியின் பழக்கம். அருங்காட்சியகத்துக்குப் போன பிறகு புரூக்ஷ் வளையல்களை எடுத்துக்கொண்டு கையையும் துணியையும் தூக்கி எறிந்துவிட்டார். எகிப்திய அரச குலத்தின் மிகப் பழைய மம்மித் துணி அதுவாக இருந்திருக்கலாம். அனுப்புவதற்கு முன் பீட்ரி எடுத்து வைத்த புகைப்படம் மட்டும் மிஞ்சியது. தங்கத்தை மட்டும் பார்க்கிற கண் எவ்வளவு பெரிய நஷ்டத்தை உண்டாக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

பர்ட்டன் டார்க் ரூமாகப் பயன்படுத்திய 55-ஆம் எண் கல்லறை இருக்கிறதே, அதையும் 1907இல் அமெரிக்கப் பணக்காரர் தியோடர் டேவிஸின் ஆட்கள் அவசர அவசரமாகக் காலி செய்தார்கள். ஒழுங்கான பதிவு இல்லை. உள்ளே இருந்த உடல் யாருடையது, மன்னன் அக்னதானா, மன்னன் ஸ்மென்க்காரேயா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை.

இதற்கு நேர்மாறாக ஒரு வேலை நடந்தது. 1925 பிப்ரவரியில் கீஸா பெரிய பிரமிடின் கிழக்குப் பக்கம், அமெரிக்கர் ஜார்ஜ் ரைஸ்னர் நடத்திய அகழாய்வில், முக்காலியை நிறுத்த இடம் பார்த்த புகைப்படக்காரர் பாறைக்கு நடுவே வெள்ளைச் சாந்துப் பூச்சு ஒன்றைக் கவனித்தார். இயற்கைப் பாறையில் சாந்து எப்படி வரும்? தோண்டினார்கள். 27 மீட்டர் ஆழத்தில் ஒரு சிறு அறை. கூஃபு மன்னனின் தாய் ஹெட்டெபெரெஸின் பொருள்கள் அங்கே இருந்தன. ஆனால் நாற்காலி, கட்டில், பல்லக்கு என்று எதுவும் பார்க்கிற மாதிரி இல்லை. மரமெல்லாம் மக்கித் தூளாகிவிட்டது. தரையில் தங்கத்தகட்டுத் துண்டுகளும் பதிப்புக் கற்களும் சிதறிக் கிடந்தன. கொள்ளைக்காரன் அள்ளியிருந்தால் ஒரு கூடை தங்கம். ரைஸ்னர் குழு ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தில் எந்தச் சாய்வில் கிடந்தது என்று படமும் வரைபடமும் எடுத்து, அதை வைத்தே இல்லாத மரத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். புது மரத்தில் செய்து பழைய தங்கத்தைப் பொருத்தினார்கள். அந்த நாற்காலியை இன்று போய்ப் பார்க்கலாம். மூடிய கல் சவப்பெட்டியை 1927இல் திறந்தபோது உள்ளே உடல் இல்லை. அது ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்த இடத்தில் உங்கள் படத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பர்ட்டனின் அசல் படத்தில் கார்ட்டரோடு தலைப்பாகை கட்டிய எகிப்தியர் ஒருவரும் அந்தச் சவப்பெட்டிப் பக்கத்தில் இருக்கிறார். உங்கள் பக்கத்தில் அவரை வெட்டிவிட்டார்கள். பத்திக்கு அகலம் போதவில்லை என்று லேஅவுட்காரர் வெட்டியிருப்பார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் எகிப்திய அகழாய்வு வரலாறு முழுக்க இந்த வெட்டு நடந்திருக்கிறது. தோண்டியது யார்? பீட்ரி 1890களில் குஃப்ட் என்ற ஊர் மக்களுக்குத் தொழில் பழக்கினார். மண்ணின் நிறம் மாறும் இடம், சுட்ட செங்கல்லுக்கும் பச்சைச் செங்கல்லுக்கும் உள்ள வேறுபாடு, எலும்பைச் சுற்றி மண்ணை விலக்கும் விதம் எல்லாம் அவர்கள் கைக்கு வந்தது. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எகிப்து முழுவதும் அகழாய்வுகளில் வேலை செய்கிறார்கள். குழுவின் தலைமைப் பணியாளரை அங்கே ரெயிஸ் என்பார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வெளிநாட்டு ஆய்வாளர் ஒரு பருவம் இருந்துவிட்டுப் போவார். ரெயிஸ் அந்த மண்ணிலேயே இருப்பவர்.

கார்ட்டரின் ரெயிஸ்களில் தலைமையானவர் அகமது குர்கர். 1923 கோடையில் கார்ட்டர் இங்கிலாந்தில் இருந்தபோது அகமது குர்கர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்தெந்தக் கிடங்கு பத்திரமாக இருக்கிறது, யார் யார் காவல் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிற மரியாதையான கடிதம். கார்ட்டர் தன் புத்தகத்தில் அவரையும் காத் ஹசன், ஹுசைன் அபு அவாத், ஹுசைன் அகமது சைத் ஆகியோரையும் பெயர் சொல்லி நன்றி கூறியிருக்கிறார். அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் பர்ட்டனின் படங்களில் ஒரு சிறுவன் துட்டன்காமனின் மணிமாலையை அணிந்து நிற்கிறான். 5,398 பொருளுக்கும் எண் போட்டவர்கள் அந்தப் பையனின் பெயரை எழுதி வைக்கவில்லை. லக்ஸரில் ஒரு குடும்பம் அவன் தங்கள் முன்னோர் என்று சொல்கிறது.

கீஸாவில் ரைஸ்னர் வேறு மாதிரி நடந்துகொண்டார். எகிப்தியர்களுக்கே கேமராவைக் கொடுத்துப் பழக்கினார். அவர்களில் முகமதானி இப்ராஹிம் என்பவர் ஆயிரக்கணக்கான கண்ணாடி நெகட்டிவ்களை எடுத்திருக்கிறார். என் தொழில்காரர் ஒருவர், உலகத்தின் மிகச் சிறந்த தொல்லியல் படங்கள் சிலவற்றை எடுத்தவர், அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ரைஸ்னரின் ரெயிஸ்கள் அரபியில் தினமும் நாட்குறிப்பு எழுதினார்கள். அந்தக் குடும்பத்தினர் பல பத்தாண்டுகள் பாதுகாத்து வைத்திருந்து, இந்த நூற்றாண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கீஸா ஆய்வுத் திட்டத்துக்குக் கொடுத்தார்கள். ஆங்கில நாட்குறிப்பில் வராத பல செய்திகள் அவற்றில் இருக்கின்றன. தோண்டிய கையே எழுதிய கணக்கு அது.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: அந்தப் படத்தை வெட்டாமல், கறுப்பு வெள்ளையில், பர்ட்டன் பெயரோடு இன்னொரு முறை வெளியிடுங்கள். பர்ட்டனின் படங்களும் கார்ட்டரின் அட்டைகளும் ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனத்தில் இருக்கின்றன. அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'இணையம்' என்று எழுதுவதற்குப் பதில் அந்த முகவரியைப் போட்டிருந்தால் பள்ளிப் பிள்ளைகள் நேராகப் போய்ப் பார்த்திருப்பார்கள்.

கார்ட்டர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 1925 நவம்பரில் மம்மியைப் பிரித்தபோது, அதன் மேல் ஊற்றியிருந்த தைலப்பிசின் இறுகிப்போய் உடல் சவப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டெர்ரியும் எகிப்திய மருத்துவர் சாலே பே ஹம்தியும் கைகால்களைத் துண்டித்தார்கள். தலையை முகமூடியிலிருந்து விடுவிக்கச் சூடாக்கிய கத்திகளைப் பயன்படுத்தினார்கள். பிறகு மணல் தட்டில் துண்டுகளை ஒழுங்காக அடுக்கி உடல் மாதிரி வைத்துத் திருப்பி வைத்தார்கள். அந்தத் தங்க முகமூடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். உங்கள் கட்டுரை முகமூடியின் எடையைச் சொன்னது, அது எப்படிக் கழற்றப்பட்டது என்பதையும் சொல்லியிருக்கலாம். கல்லறையிலிருந்து சில பொருள்கள் வெளியே போனதும் உண்மை. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன்னிடம் இருந்த 19 சிறு பொருள்கள் இந்தக் கல்லறையிலிருந்து வந்தவை என்று 2010இல் ஒப்புக்கொண்டு எகிப்துக்குத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. கண்டெடுத்ததில் பங்கு பிரிக்கும் பழைய வழக்கத்துக்கு எகிப்து 1983இல் 117-ஆம் எண் சட்டத்தால் முடிவு கட்டியது. இப்போது தோண்டிக் கிடைப்பது எல்லாம் அந்த நாட்டுக்கே. அப்படித்தான் இருக்க வேண்டும்.

லக்ஸருக்கு நான் போயிருக்கிறேன். பதினாறு படி இறங்கினால் துட்டன்காமன் கல்லறை. மிகச் சிறியது. கூட வந்தவர்கள் இவ்வளவுதானா என்றார்கள். எனக்கு வேறு கவலை. அத்தனை பேர் மூச்சுவிடுகிற ஈரம் சுவரில்தான் போய்ப் படியும். அறைச் சுவர் ஓவியங்களில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகளால் அவை பெருகுகின்றனவா என்ற பயம் வெகுகாலம் இருந்தது. 2009 முதல் பத்து ஆண்டுகள் அங்கே பாதுகாப்பு வேலை செய்த அமெரிக்காவின் கெட்டி நிறுவனத்தார், புள்ளிகளை பர்ட்டனின் 1920களின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புள்ளிகள் வளரவில்லை. அவற்றுக்குக் காரணமான நுண்ணுயிர்கள் எப்போதோ செத்துவிட்டன. நெகட்டிவ் கெடாமல் இருந்ததால்தான் இந்தப் பதில் கிடைத்தது. ஆனால் தூசியும் ஈரமும் இன்னும் பிரச்சினைதான். கார்ட்டர் வாழ்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் 2014இல் திறந்த நகல் கல்லறை ஒன்று இருக்கிறது. சுவரின் ஒவ்வொரு கீறலையும் ஸ்கேன் செய்து செய்தது. அங்கே அவசரமில்லாமல் நின்று பார்த்தேன். உங்கள் வாசகர்கள் யாராவது போனால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அசலுக்கு அந்த அளவுக்குச் சுமை குறையும்.

கடைசியாக ஒன்று. 2025 பிப்ரவரியில் லக்ஸருக்கு மேற்கே இரண்டாம் துத்மோஸ் மன்னனின் கல்லறை அடையாளம் காணப்பட்டதாக எகிப்து அறிவித்தது. உங்கள் பத்திரிகையில் அது நான்கு வரிப் பெட்டிச் செய்தி. தங்கம் இல்லை, மம்மி இல்லை, அதனால் நான்கு வரி. அந்தக் கல்லறை வெள்ளத்தில் மூழ்கியது, உள்ளே இருந்தவை பழங்காலத்திலேயே வேறிடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. 2022இல் வாசலைக் கண்டபோது ஓர் அரசியின் கல்லறை என்றுதான் நினைத்தார்கள். எகிப்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்த குழு அந்தச் சேற்றையும் கல்லையும் அள்ளித் தேடியது. நீல நிறத்தில் மஞ்சள் நட்சத்திரம் தீட்டிய கூரைச் சாந்தின் துணுக்குகள் கிடைத்தன. அலபாஸ்டர் என்ற கல்லால் செய்த ஜாடிகளின் உடைந்த துண்டுகளில் துத்மோஸின் பெயரும், அவன் மனைவி ஹட்செப்சுட்டின் பெயரும் இருந்தன. அந்த உடைந்த துண்டுகள்தான் அது யாருடைய கல்லறை என்று சொல்லின. ஒரு முழுப் பக்கக் கட்டுரைக்கு இது போதாதா?

லக்ஸரிலும் சக்காராவிலும் தோண்டும் வேலை பெரும்பாலும் குளிர்மாதங்களில்தான் நடக்கும். வருகிற பருவத்தில் எகிப்திலிருந்து ஏதாவது அறிவிப்பு வரும். அப்போது உங்கள் நிருபரை இவற்றைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: பொருள் எங்கே, எதோடு சேர்ந்து கிடந்தது, அதை முதலில் கண்டது யார், ரெயிஸ் பெயர் என்ன, படம் எடுத்தது யார், பதிவுகளை எங்கே வைப்பார்கள், பொதுமக்கள் பார்க்க முடியுமா, திறந்த கல்லறையை இனி எப்படிக் காப்பாற்றப் போகிறார்கள். பதில் கிடைக்கிற அளவுக்குப் போடுங்கள். எடையை அதற்கப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டுடியோ புகைப்படக்காரர்,
உங்கள் நெடுநாள் வாசகர்